மே மாதம் சிங்கப்பூர்: ரெண்டு பிள்ளை, ஒரு பாட்டி. ஏஜென்ட் கொடுத்த அட்டவணை சரிப்படுமா?

குடந்தை வாசி:
எல்லோருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போக இருக்கிறோம். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு நாள். நாங்கள் இருவர், பையன் (6 வயது, 112 செ.மீ. உயரம்), பொண்ணு (3 வயது, 95 செ.மீ.), என் அம்மா (66 வயது, சுத்த சைவம், முழங்கால் வலி). கும்பகோணத்து ஏஜென்ட் ஒருவர் கொடுத்த அட்டவணை இது:

முதல் நாள்: காலை 5.30-க்கு இறங்கி நேரே சிட்டி டூர். மெர்லயன் (சிங்கத் தலை, மீன் உடல் சிலை), சைனா டவுன், லிட்டில் இந்தியா, ஃப்ளையர் (ராட்சத ராட்டினம்). இரவு நைட் சஃபாரி.
இரண்டாம் நாள்: யுனிவர்சல் ஸ்டூடியோஸ், இரவு சென்டோசா கடற்கரை ஷோ.
மூன்றாம் நாள்: ஜூரோங் பறவைப் பூங்கா, மதியம் ஜூ, மாலை கார்டன்ஸ் பை த பே.
நான்காம் நாள்: கேபிள் கார், சென்டோசா பெரிய மெர்லயன், எஸ்.இ.ஏ. அக்வேரியம், முஸ்தஃபா ஷாப்பிங், நள்ளிரவு விமானம்.

பணம் இன்னும் கட்டவில்லை. பொண்ணுக்குப் பாஸ்போர்ட்டும் இனிமேல்தான். போய் வந்த அனுபவஸ்தர்கள், அங்கேயே இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:
முதல்ல இந்த அட்டவணையில இருக்கிற செத்த சரக்கைத் தூக்கிப் போடுவோம்.

ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியிலேயே மூடியாச்சு. பறவைகள் எல்லாம் மண்டாய்க்குப் போய், அதே வருஷம் மே மாசம் 'பேர்ட் பாரடைஸ்' திறந்தாங்க. அது ஜூ பக்கத்துல இருக்கு, ஜூரோங்கில் இல்லை. சென்டோசாவில் இருந்த பெரிய மெர்லயனை 2019-ல் மூடி இடிச்சுட்டாங்க. இப்ப பார்க்கக் கிடைக்கிறது மெரினா பே ஓரம் தண்ணி கக்கிக்கிட்டு நிக்கிற 8.6 மீட்டர் சிலைதான். எஸ்.இ.ஏ. அக்வேரியம் 2025 ஜூலையிலிருந்து 'சிங்கப்பூர் ஓஷனேரியம்'. இடம் பெருசாயிடுச்சு, பேரும் மாறிடுச்சு. பழைய தாள்ல தேதியை மட்டும் மாத்திக் குடுத்திருக்கார் உங்க ஏஜென்ட்.

அதைவிடப் பெரிய தப்பு நேரக் கணக்கு. சிங்கப்பூர் நம்மைவிட 2.30 மணி நேரம் முன்னாடி. ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்குற பிள்ளைக்கு அங்கே அது நடுராத்திரி 12. காலையில ஆறரைக்கு எழும்புற பிள்ளை அங்கே 9 மணிக்குத்தான் எழும்பும். நாலு நாள் பயணத்துல இந்தக் கடிகாரத்தை மாத்த முடியாது, மாத்தவும் வேணாம். காலையில 8 மணிக்கு வேன் ஏத்துற திட்டத்தை விட்டுடுங்க. சாயங்கால நிகழ்ச்சி எல்லாம் உங்களுக்குச் சாதகம்: அங்கே 8.45-க்கு நடக்கிற விளக்குக் காட்சி உங்க பிள்ளைங்க உடம்புக்கு மாலை 6.15 மாதிரிதான்.

5.30-க்கு இறங்குறது நம்ம நேரம் விடிகாலை 3. அந்த நிலையில சிட்டி டூர்னா பிள்ளை மெர்லயன் முன்னாடி தோள்ல தூங்கும், ஃப்ளையர்ல அழும். ஓட்டல்ல அறை குடுக்கிறது மதியம் 2 அல்லது 3 மணிக்கு. அதனால முந்தின இரவையும் சேர்த்து அறை போட்டு, "விடிகாலை வருவோம், அறையை விட்டுடாதீங்க"ன்னு ஓட்டலுக்கு மெயில் அனுப்பிடுங்க. ஒரு ராத்திரி வாடகை கூடுதல்தான். ஆனா இந்தப் பயணத்துல செலவழிக்கிற காசுல இதுக்குத்தான் மதிப்பு அதிகம். மெயில் அனுப்பாம விட்டா, ராத்திரி ஆள் வரலைன்னு அறையை வேற ஆளுக்குக் குடுத்துட வாய்ப்பு இருக்கு.

அரசலாறு:
பொண்ணு பாஸ்போர்ட்டை இன்றைக்கே தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகுதான்.

பிறப்புச் சான்றிதழை முதலில் எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் நிறைய சான்றிதழில் குழந்தையின் பெயர் இடம் காலியாகவே இருக்கும், மருத்துவமனையில் பிறந்ததும் பதிந்ததோடு விட்டிருப்பார்கள். பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம். பதிவு செய்த நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் முடியும் வேலை இது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதி ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும், ஆதார் உதவாது. உங்கள் பொண்ணின் பிறந்த தேதி அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் சேவா மையம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. சிறுவர்களுக்கான இணைப்புப் படிவம் 'டி'-யில் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் அசலாகவும் நகலாகவும். 4 வயதுக்குக் கீழ் என்பதால் மையத்தில் படம் எடுப்பதற்குப் பதில் நீங்களே 4.5 x 3.5 செ.மீ., வெள்ளைப் பின்னணிப் படம் கொண்டுபோக வேண்டும். பெற்றோர் பாஸ்போர்ட்டில் கணவன் மனைவி பெயர் ஒருவருக்கொருவர் ஏறியிருந்தால், பெரும்பாலும் போலீஸ் விசாரணை இல்லாமலேயே வந்துவிடும். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான். பையனுடையது கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்ததென்றால் தேதியைப் பாருங்கள், பயண நாளிலிருந்து 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

விசா: சிங்கப்பூருக்கு நமக்கு இ-விசா, அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக எடுக்கலாம். 14ஏ படிவம், 35 x 45 மி.மீ. படம். விசாக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. அதற்கு மேல் ஏஜென்ட் வாங்குவது அவருடைய கூலி, அதைத் தனியாக எழுதிக் கேளுங்கள். படத்தில் குழந்தையைப் பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது, கண் திறந்திருக்க வேண்டும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம்.

இனிஷியல் விவகாரம்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் விசாவிலும் டிக்கெட்டிலும். உங்கள் அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், டிக்கெட்டில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று ஒவ்வொரு விமான நிறுவனமும் தனி முறை வைத்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்து நிரப்புங்கள். 'எஸ்' என்று டிக்கெட்டிலும் 'சுப்ரமணியன்' என்று பாஸ்போர்ட்டிலும் இருந்தால் திருச்சி கவுண்டரிலேயே நிறுத்துவார்கள்.

கடைசியாக எஸ்.ஜி. அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூர் வருகைப் படிவம். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் போட வேண்டும், குழந்தைக்கும் தனி. இது இலவசம். தேடினால் பணம் கேட்கும் தனியார் பக்கங்கள் மேலே வரும், ஏமாறாதீர்கள். குடியேற்றத் துறையின் பக்கத்திலோ அவர்கள் செயலியிலோ மட்டும் போடுங்கள். மின்னஞ்சலைச் சரியாகக் கொடுங்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்பதே மெயிலில்தான் வரும்.

திருச்சி ரன்வே:
விமான நிலைய சமாச்சாரம் நான் சொல்றேன்.

புது டெர்மினல் 2024 ஜூனிலிருந்து ஓடுது, இடம் தாராளம். ஆனா சிங்கப்பூர், மலேசியா விமானங்கள் அடுத்தடுத்து கிளம்புற நேரத்துல குடியேற்ற வரிசை நீளும். 3 மணி நேரம் முன்னாடி இருங்க. கும்பகோணத்துலேர்ந்து தஞ்சாவூர் வழியா வர்றதுக்கு மூணு மணி நேரம் ஒதுக்குங்க, முகூர்த்த நாள்னா இன்னும் அரை மணி. அம்மாவுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வைங்க, கடைசி நேரத்துல கேட்டா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வீல்சேரோட போற குடும்பத்தைத் தனி வரிசையில விடுற வழக்கமும் உண்டு, பிள்ளைங்களுக்கும் அது லாபம்.

நேரடி விமானம் எல்லாமே சிக்கன ரகம். ஸ்கூட்டில் கைப்பை ஆளுக்கு 10 கிலோ, இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 7 கிலோ. பெட்டிக்கு எடை டிக்கெட்டோடயே வாங்குங்க, கவுண்டர்ல வாங்கினா விலை எகிறும். 2 வயசு முடிஞ்சா குழந்தைக்குத் தனி இருக்கை, முழு டிக்கெட்.

புளியோதரை, இட்லி மிளகாய்ப் பொடி தடவினது, தட்டை, முறுக்கு கையில எடுக்கலாம். சட்னி, தொகையல், தயிர், ஊறுகாய் எல்லாம் 100 மி.லி. கணக்குல வரும், பெட்டியில போடுங்க. கொப்பரைத் தேங்காய் பெட்டியிலயும் கூடாது, எண்ணெய் இருக்கிறதால தீப்பிடிக்கும் பொருள்னு எடுத்துடுவாங்க. பவர் பேங்க் கையில மட்டும், விமானத்துக்குள்ள அதைப் போட்டு போன் சார்ஜ் பண்றதை ஸ்கூட் தடை பண்ணியிருக்கு. அதனால பிள்ளைங்க பார்க்கிற டேப்லெட்டை வீட்டுலயே முழுசா சார்ஜ் போட்டுக்குங்க.

இறங்கும்போதுதான் காது வலி வரும். சின்னதுக்கு அந்த நேரம் பார்த்து பாட்டில்ல தண்ணி, பெரியவனுக்கு மிட்டாய். தூங்கிக்கிட்டு இருந்தா இறக்கம் தொடங்கினதும் எழுப்பிடுங்க, தூக்கத்துல முழுங்குறது குறைவு, அடைப்பு அதிகமாகும்.

டிகிரி காபி:
பெட்டியில் என்ன போகக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பாட்டிமார் பெட்டி கட்டும் வீடுகளில் இதுதான் மாட்டிக்கொள்ளும் இடம்.

கசகசா வேண்டாம், பொட்டலமாகவும் வேண்டாம், அரைத்த மசாலாவிலும் வேண்டாம். சிங்கப்பூரில் போதைத் தடுப்புத் துறை பார்க்கும் பொருள் அது. வெற்றிலை, சீவலோடு புகையிலை வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அந்தப் புகையிலையை ஊரிலேயே விட்டுவிட வேண்டும், மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. சூயிங் கம்மும் கொண்டுபோகக் கூடாது. குழந்தைகளின் இருமல் மருந்தில் கோடீன் இருக்கிறதா என்று பாட்டில் லேபிளைப் படியுங்கள், இருந்தால் முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., வழக்கமான மாத்திரைகள் மருந்துச் சீட்டோடு எடுத்துப் போகலாம்.

சாப்பாடு: சைவத்துக்குக் கவலையே வேண்டாம், தங்கும் இடம் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் ஸ்டேஷன் பக்கம் இருந்தால். செரங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947-லிருந்து இருக்கிறது, ஆனந்த பவன் 1924-லிருந்து. இட்லி, பொங்கல், தயிர் சாதம், சுடச்சுட பால், எல்லாம் நடந்து போகும் தூரம். வெளியில் சுற்றும் நாளில்தான் சிக்கல். உணவு அங்காடிகளில் காய்கறி நூடுல்ஸ் என்று இருந்தாலும் குழம்பு நீரில் மீன், இறால் சேர்ந்திருக்கும். பெலாச்சான் என்று ஓர் இறால் விழுது உண்டு, கண்ணுக்குத் தெரியாது. 'வெஜிடேரியன்' என்று பலகை போட்ட தனிக் கடை அல்லது இந்திய உணவுக் கடை என்று மட்டும் பாருங்கள். ஜூ, யுனிவர்சல் போகும் நாளில் காலையிலேயே லிட்டில் இந்தியாவில் தயிர் சாதம், சப்பாத்தி கட்டி வாங்கிக்கொள்வது உத்தமம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆளுக்கொரு பாட்டில் போதும். ஆனால் எம்.ஆர்.டி. ரயிலுக்குள்ளும் ஸ்டேஷனுக்குள்ளும் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 டாலர் வரை. ரயில் ஏறும் முன்பே பிள்ளைகளைக் குடிக்க வையுங்கள். அங்காடியில் சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். ஓட்டல் விலைப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று அர்த்தம்.

யாரும் எழுதாத ஒன்று: பல கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். பாட்டிக்கும் குழந்தைக்கும் ஒரு காலி பாட்டில் எப்போதும் பையில் இருக்கட்டும்.

மாயவரம் ஜங்ஷன்:
யுனிவர்சல் ஸ்டூடியோஸை எடுத்துடுங்கன்னு யாராவது சொல்வீங்கன்னு பார்த்தேன், ஒருத்தரும் சொல்லலை. அதனால நான் சொல்றேன்.

112 செ.மீ. பையனுக்கு மம்மி ரைடு கிடையாது (122 வேணும்), பேட்டில்ஸ்டார் கிடையாது (125 வேணும்). டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (102) போகலாம், ஜுராசிக் படகு (107) போகலாம், ரெண்டுக்கும் பெரியவங்க கூட உக்காரணும். 95 செ.மீ. பொண்ணுக்கு இது எதுவும் இல்லை. பாட்டிக்குச் சுத்தமா எதுவும் இல்லை. ஒரு நாள் பூரா, வெயில்ல, அஞ்சு பேர்ல ஒன்றரை ஆள் விளையாடுறதுக்கு அத்தனை டிக்கெட்டா? அதே காசுக்கு ஓஷனேரியம் போனா குளிர்ந்த இடம், பாட்டியும் உக்காந்து பார்க்கலாம், மூணு வயசுக்கு மீன்தான் யுனிவர்சல்.

கொள்ளிடக்கரை:
மாயவரத்தார் சொல்ற உயரக் கணக்கு சரி. முடிவுதான் எனக்கு ஒத்து வரலை. ஆறு வயசுப் பையன் வகுப்புல போய் சொல்லிக்கிற விஷயம் மினியன் லேண்டும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும்தான், மீன் இல்லை. மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில திறந்தது, சின்னதுக்கும் அங்கே வேடிக்கை இருக்கு. ரெண்டு பேரா பிரிஞ்சு போங்க: அப்பாவும் பையனும் யுனிவர்சல், அம்மா, பாட்டி, பொண்ணு ஓஷனேரியம். ரெண்டும் ஒரே வளாகம், நடந்து போற தூரம்தான். மூணு வயசுக்கு ரெண்டு இடத்துலயும் டிக்கெட் இல்லை, அங்கே குழந்தை டிக்கெட் 4-லிருந்து 12 வரை. ஆனா ஜூவிலயும் கார்டன்ஸ் கண்ணாடிக் கூடங்களிலயும் 3-லிருந்தே குழந்தை டிக்கெட். ஏஜென்ட் எல்லா இடத்துக்கும் நாலரை டிக்கெட், அஞ்சு டிக்கெட்னு மொத்தமா போட்டிருந்தா இடம் இடமா பிரிச்சுக் கேளுங்க.

அப்பா அம்மா ரெண்டு பேரும் பையனோட போறதா இருந்தா 'சைல்டு ஸ்விட்ச்'னு கேளுங்க. ஒருத்தர் சின்னதோட வெளியில நிக்க, இன்னொருத்தர் போயிட்டு வந்ததும், திரும்ப முழு வரிசையில நிக்காம இவர் போகலாம்.

மாயவரம் ஜங்ஷன்:
பிரிஞ்சு போறதுன்னா சரி, ஒத்துக்கறேன். ஆனா மழைக் கணக்கைச் சேர்த்துக்குங்க. மதியத்துக்கு மேல இடியோட மழை அங்கே எந்த மாசமும் வரும். மின்னல் எச்சரிக்கை வந்தா வெளியில இருக்கிற ரைடு, தண்ணி விளையாட்டு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, அதுக்குப் பணம் திரும்பாது. வெளியில இருக்கிற ரைடை மதியத்துக்கு முன்னாடியும், கூரைக்குள்ள இருக்கிறதைப் பின்னாடியும் வைங்க. மே முதல் மூணு வாரத்துல போயிடுங்க. மே கடைசியில அவங்க பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிடும், அப்புறம் வரிசை ரெண்டு மடங்கு.

குடந்தை வாசி:
ரொம்ப நன்றி. நேரக் கணக்கை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. உள்ளூர்ப் போக்குவரத்து எப்படி? ஏஜென்ட் நாலு நாளுக்கும் தனி வேன் என்கிறார், அதுதான் பெரிய செலவாக இருக்கிறது. நைட் சஃபாரி வேண்டாமா?

கொள்ளிடக்கரை:
வேன் வேணாம். எம்.ஆர்.டி.யில எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கு, தள்ளுவண்டியை மடிக்காமலே ஏத்தலாம், பஸ்ஸிலயும் அப்படித்தான். மூணு வயசுக்குத் தள்ளுவண்டி கண்டிப்பா எடுத்துப் போங்க. ஊர்ல விட்டாச்சுன்னாலும் அங்கே ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் நடை சாதாரணமா வந்துடும். பாட்டிக்கு ஜூவில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.

கட்டணம்: காண்டாக்ட்லெஸ் பேங்க் கார்டைத் தட்டியே போகலாம். நுழையும்போதும் தட்டணும், வெளியேறும்போதும் தட்டணும், ஒரு கார்டில் ஒரு ஆள்தான். ஒரே கார்டை ரெண்டு பேருக்குத் தட்ட முடியாது. வெளிநாட்டு பேங்க் கார்டுக்குத் தட்டுற நாளுக்கெல்லாம் 60 சென்ட் கூடுதல். பாட்டிகிட்ட கார்டு இருக்காது, அவங்களுக்கு ஸ்டேஷன்லயே ஈஸி லிங்க் கார்டு வாங்கிடுங்க. 90 செ.மீ.க்குக் கீழே இருந்தா பெரியவங்க கூட இலவசம். உங்க பொண்ணு அதைத் தாண்டிட்டா. ஏழு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குச் சலுகைக் கார்டு இருக்கு, டிக்கெட் அலுவலகத்துல பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் சாதா கார்டே போட்டுக்குங்க, தொகை பெருசா வராது.

ஊர்லேர்ந்து கிளம்பும் முன்னாடி பேங்க் செயலியில 'சர்வதேசப் பரிவர்த்தனை', 'காண்டாக்ட்லெஸ்' ரெண்டையும் திறந்து வைங்க, புதுக் கார்டில் அது மூடியே வரும். ஓ.டி.பி. நம்ம சிம்முக்குத்தான் வரும், அதுல ரோமிங்கை எஸ்.எம்.எஸ்.ஸுக்காவது போட்டு வைங்க.

கிராப் வண்டியில (செயலியில அழைக்கிற வாடகைக் கார்) ஒரு விஷயம். 1.35 மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி வேணும். டாக்சிக்கு விலக்கு உண்டு, கிராப்பில் வர்ற தனியார் காருக்கு விலக்கு இல்லை. ரெண்டு பிள்ளையோட சாதாரண கிராப் போட்டா ஓட்டுநர் ஏத்த மாட்டேன்னு போயிடுவார், ரத்துக் கட்டணம் உங்க தலையில. செயலியில குழந்தை இருக்கையோட வர்ற வகையைத் தேர்ந்தெடுங்க, இல்லேன்னா டாக்சி வரிசையில நில்லுங்க. நடுராத்திரி 12-லிருந்து காலை 6 வரைக்கும் டாக்சி மீட்டருக்கு மேல பாதி கூடுதல்.

நைட் சஃபாரி முதல் நாள் வேணாம்னுதான் சொல்றேன், மூணாம் நாள்னா நல்லாவே இருக்கும். அங்கே இரவு ஏழே காலுக்குத் தொடங்குறது உங்க பிள்ளைங்களுக்கு மாலை நாலே முக்கால். 1994-லிருந்து நடக்குது, டிராம்ல உக்காந்தே பார்க்கலாம், பாட்டி முழங்காலுக்கு ஏத்தது. ஆனா நேரம் குறிச்ச டிக்கெட், முதல் நேரத்தை முன்கூட்டியே எடுத்துடுங்க. அன்னிக்குப் பகல்ல ஜூவை வைக்காதீங்க. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்குன்னு சேர்த்துப் போடுவாங்க, பிள்ளைங்க ராத்திரி டிராம் ஏறும்போது செத்துச் சுண்ணாம்பாயிடும். ஜூ ஒரு நாள், காலையில 10 மணிக்கு மெதுவா போய், பிள்ளைங்க தண்ணி விளையாடுற பகுதியில முடிங்க, மாத்துத்துணியும் துண்டும் கையில இருக்கணும். கட்டீப் ஸ்டேஷன்லேர்ந்து ஷட்டில் பஸ், இல்லேன்னா ஸ்பிரிங்லீஃப் ஸ்டேஷன்லேர்ந்து 138 பஸ்.

கார்டன்ஸ் பை த பே-யில மாலை 4 மணிக்குக் குழந்தைகள் தோட்டம் (இலவசம், திங்கட்கிழமை விடுமுறை, அங்கேயும் தண்ணி விளையாட்டு உண்டு), அப்புறம் கண்ணாடிக் கூடங்கள்ல ஒண்ணான கிளவுட் ஃபாரஸ்ட். அங்கே 35 மீட்டர் அருவி, உள்ளே சிலுசிலுன்னு இருக்கும், நனைஞ்ச பிள்ளையை அப்படியே உள்ளே கூட்டிப் போகாதீங்க. 7.45-க்கு சூப்பர்ட்ரீ விளக்குக் காட்சி, இலவசம், மரத்தடியில பாயை விரிச்சுப் படுத்துப் பார்க்கலாம். 8.45-க்கு மறுபடி உண்டு. மெரினா பே சாண்ட்ஸ் முன்னாடி ஸ்பெக்ட்ரா தண்ணீர்க் காட்சி 8-க்கும் 9-க்கும், அதுவும் இலவசம். 7.45 காட்சி முடிஞ்சு பாலத்து வழியா மெதுவா நடந்தா 9 மணிக் காட்சிக்குச் சரியா வரும். கண்ணாடிக் கூடங்கள் மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு மூடும், தேதியைப் பார்த்துக்குங்க.

நாகை கலங்கரை:
சைனா டவுனை வேன் ஜன்னலில் காட்டிவிட்டுப் போவதாகத்தான் ஏஜென்ட் திட்டம் இருக்கும். அங்கே நம் பக்கத்தார் இறங்கிப் பார்க்க வேண்டிய இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன.

தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. 1828-லிருந்து 1830-க்குள் கட்டியது, நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன சூலியா முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பியது. 1974-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இப்போது உள்ளே பாரம்பரிய மையம். நாகூர் மனாராவைப் பார்த்த பிள்ளைகள் வாசலில் நின்றதுமே சாயலைக் கண்டுபிடிப்பார்கள். அங்கிருந்து பெரியவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். 1827-ல் நாராயண பிள்ளை என்பவர் தொடங்கியது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். அவர் 1819-ல் பினாங்கிலிருந்து, நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு வந்தவர். நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து ஆட்கள்தான் தொடக்க காலத்தில் இந்தக் கோயிலுக்குத் தோள் கொடுத்தவர்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள், காலை 11-க்குள் அல்லது மாலை 6-க்கு மேல் போங்கள். பாட்டிக்கு இது ஒன்றே போதும்.

பையன் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது இல்லையா? தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. டாலர் நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும், எச்சரிக்கைப் பலகைகளில் இருக்கும், விமான நிலையத்தில் இருக்கும். நோட்டை முதலில் அவன் கையில் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அப்புறம் வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் பலகை தேடுவதே அவனுக்கு வேலையாகிவிடும், போன் கேட்க மாட்டான்.

டிகிரி காபி:
நாகையார் சொன்னதோடு ஒன்று: லிட்டில் இந்தியாவில் தங்கினாலும் ஞாயிறு மாலை அந்தத் தெருக்களில் தள்ளுவண்டியோடு நடக்க முடியாது. வார விடுமுறை நாள், நம் ஊர்த் தொழிலாளர்கள் எல்லோரும் கூடும் நேரம். முஸ்தஃபாவுக்கு வார நாள் காலையில் போங்கள். அந்தப் பகுதியில் தங்குவதில் இன்னொரு அனுகூலம், கே.கே. மகளிர் குழந்தைகள் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை 24 மணி நேரமும். ஆம்புலன்ஸ் எண் 995. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கடுமை, ஐந்து பேருக்கும் பயணக் காப்பீடு போட்டுவிடுங்கள், பாட்டியின் பழைய நோய்களை மறைக்காமல் எழுதி. அறை போடும்போது 'ஜன்னல் உண்டா' என்று பாருங்கள், அங்கே விலை குறைந்த அறைகள் பலவற்றில் ஜன்னலே கிடையாது.

குடந்தை வாசி:
ஏஜென்டிடம் விசா மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். கடைசி நாள் மட்டும் குழப்பம். அறையைக் காலை 11-க்கு விட வேண்டும், விமானம் நள்ளிரவு.

அரசலாறு:
நல்லது. மனம் மாறி பேக்கேஜாகவே எடுத்தால் டி.சி.எஸ். (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள், யார் பான் எண்ணில் என்று கேட்டு ரசீது வாங்குங்கள். வருமான வரித் துறைப் பக்கத்தில் உங்கள் வரி அறிக்கையில் அது ஏறியிருக்கிறதா பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

திருச்சி ரன்வே:
பெட்டியை ஓட்டல்லயே விட்டுட்டு காலையில கோயில், தர்கா, மெர்லயன் (ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷன்). மதியம் சாப்பாடு முடிச்சு 3 மணிக்குப் பெட்டியை எடுத்துக்கிட்டு நேரா சாங்கி விமான நிலையத்து ஜுவல் வணிக வளாகத்துக்கு வந்துடுங்க. ஸ்கூட்னா டெர்மினல் 1, அதுக்கு ஒட்டினாப்புலயே ஜுவல். ரயில் நிலையம் டெர்மினல் 2-க்கும் 3-க்கும் நடுவுல, அங்கேர்ந்து டெர்மினலுக்கு டெர்மினல் ஓடுற ஸ்கைடிரெயின். முன்கூட்டியே செக்-இன் திறந்திருந்தா பெட்டியைத் தள்ளிவிட்டுடலாம், இல்லேன்னா சாமான் வைக்கிற இடம் இருக்கு, காசு கட்டணும். 40 மீட்டர் உள்ளரங்க அருவி இலவசம், இருட்டினதும் அதுமேல விளக்குக் காட்சி. மேல்மாடித் தோட்டம், வலை விளையாட்டுக்கு மட்டும் டிக்கெட்.

ராத்திரி பதினொன்றரைக்கு மேல ரயில் இருக்காது, அதனால கடைசி நேரத்துல கிளம்பலாம்னு நகரத்துக்குள்ள உக்காந்திருக்காதீங்க. திரும்பும்போது தானியங்கி வாயில் 6 வயசுலேர்ந்துதான், பொண்ணோட இருக்கிறதால குடும்ப வரிசையைக் கேளுங்க. ஒரே கடையில 100 டாலருக்கு மேல வாங்கின பொருளுக்கு ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும், அந்தப் பொருளைப் பெட்டிக்குள்ள போட்டு அனுப்புற முன்னாடி இயந்திரத்துல பதிஞ்சுடுங்க.

திருச்சியில விடிகாலை இறங்குவீங்க. கார்காரர்கிட்ட தேதியைச் சொல்லும்போது கவனம், நள்ளிரவு தாண்டினா கிளம்பின தேதி வேற, இறங்குற தேதி வேற.